உங்களுக்குத் தெரியுமா? எல்ல மலையின் சித்திரைத் தோட்டம்

● தமிழ்க் கணக்கில் சித்திரையும் வைகாசியும் இளவேனில். எல்ல, தெமோதரை, நமுனுகுல பக்கம் வீட்டுத் தோட்டம் போடுகிறவர்களுக்கு ஆண்டின் நடுவில் கிடைக்கும் ஈரமான காலம் அதுதான். மார்ச்சில் பின்னேர இடிமழை தொடங்கும். மே கடைசியில் மழை விலகும். ஹட்டன் பக்கம் அப்போதுதான் பெருமழை பிடிக்கும். ஊவா காயத் தொடங்கும். தென்மேற்குக் காற்று சுமந்து வரும் ஈரத்தை மத்திய மலைகள் மேற்குச் சரிவிலேயே வாங்கிவிடுகின்றன. மலையைத் தாண்டி இந்தப் பக்கம் இறங்கும் காற்று இறங்க இறங்கச் சூடேறி, உலர்ந்து, கச்சானாக வீசுகிறது. ஜூலை முதல் செப்டம்பர் வரை ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் தனி விலை வாங்கித் தரும் மணம் இந்தக் காற்றால் வருவது. கொழுந்துக்கு வரமான அதே காற்று போஞ்சிக் கொடியை ஒரு வாரத்தில் சருகாக்கிவிடும். ஆகவே இந்தப் பக்கத்தில் சொல்லப்போகும் வேலைகள் எல்லாவற்றுக்கும் கெடு ஒன்றே: கச்சானுக்கு முன்.

● முள்முருங்கை இலையை உதிர்த்துவிட்டுச் செக்கச்செவேலெனப் பூப்பதும், குயில் விடாமல் கூவுவதும் சித்திரைப் புத்தாண்டின் அடையாளங்கள். சிங்கள மக்களும் இதே இரண்டையும் பார்த்துத்தான் புத்தாண்டு நெருங்குகிறது என்கிறார்கள்.

● ஏப்ரல் முதல் வாரத்தின் முடிவில் நண்பகல் சூரியன் எல்லவின் உச்சிக்கு நேரே நிற்கும். அதன் பிறகு செப்டம்பர் தொடக்கம் வரை நண்பகல் வெயில் வடக்குப் பக்கத்திலிருந்து விழும். மாசி மாதத்தில் நிழலாகக் கிடந்த வடக்குச் சுவரோரம் வைகாசியில் வெயில் படும் இடமாகிவிடும். தக்காளியையும் மிளகாயையும் எங்கே வைப்பது என்று யோசிப்பவர்கள் இதை மனதில் கொள்ளட்டும். தெற்குச் சுவரோரம் கீரைக்கும் நாற்றுமேடைக்கும் போதும்.

● அப்புத்தளை நிலையம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,430 மீற்றர். எல்ல 1,040. பதுளை 650 அளவில். ஆயிரம் மீற்றர் இறங்கினால் வெப்பம் சுமார் 6.5 பாகை கூடும் என்பது பொதுக் கணக்கு. ஆகவே ரயிலில் அரை நாள் கூட ஆகாத இந்த இறக்கத்தில் ஐந்து பாகை மாறிவிடுகிறது. அப்புத்தளையில் லீக்சும் கரட்டும் செழிக்கும். பதுளை வயலில் நெல் விளையும். இடையில் இருக்கும் எல்லவில் போஞ்சி, கோவா, தக்காளி, கறிமிளகாய் எல்லாம் வரும், பலாவும் வரும். இலங்கையில் எல்லா ஊருக்கும் இந்த வசதி இல்லை. அப்புத்தளைக்காரர் நடுகிற அன்றே நாமும் நட வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

● லயத்து வாசலில் நிற்கும் ஹைட்ரேஞ்சியாப் பூ உங்கள் மண்ணைப் பற்றிச் சொல்லும். புளிப்பு மண்ணில் அது நீலமாகப் பூக்கும். புளிப்புக் குறைந்த மண்ணில் இளஞ்சிவப்பாகும். தேயிலை நின்ற மண் பெரும்பாலும் புளிப்பானது. தேயிலை விரும்பும் அமிலநிலை 4.5 முதல் 5.5 வரை. காய்கறிக்கு 6 முதல் 6.5 வரை வேண்டும். பழைய தேயிலை மண்ணில் கோவா நட்டு, "உரம் போட்டும் வளரவில்லை" என்று சலித்துக்கொள்பவர்கள் பலர். அங்கே குறை உரத்தில் இல்லை. புளிப்பு மண்ணில் பொஸ்பரசு செடிக்குக் கிடைக்காத வடிவில் மண்ணோடு கட்டுண்டுவிடும். டொலமைட் தூளைத் தூவி, முள்ளால் கிளறிவிட்டு, இரண்டு மூன்று வாரம் கழித்து நடுங்கள். டொலமைட்டையும் யூரியாவையும் ஒரே நாளில் போடாதீர்கள். நைதரசன் வாயுவாகிக் காற்றோடு போய்விடும்.

● சரிவு நிலத்தில் மட்டக்கோடு பிடிக்கக் கருவி வாங்க வேண்டியதில்லை. மூன்று கம்பு, ஒரு நூல், ஒரு கல் போதும். ஆளுயரக் கம்பு இரண்டை உச்சியில் சேர்த்துக் கட்டி, கால்களை விரித்து, இடுப்பளவில் குறுக்குக் கம்பு ஒன்றைக் கட்டுங்கள். உச்சியிலிருந்து கல்லைத் தொங்கவிடுங்கள். இப்போது அதை நிலத்தில் நிறுத்தி, இரண்டு காலும் நிற்கும் இடத்தில் முளை அடித்து, நூல் குறுக்குக் கம்பைத் தொடும் இடத்தில் கரிக்கோடு இடுங்கள். பிறகு கால்களை இடம் மாற்றி அதே முளைகளில் நிறுத்தி இன்னொரு கோடு இடுங்கள். இரண்டு கோடுகளுக்கும் நட்டநடுவே உள்ள புள்ளிதான் சமமட்டம். நூல் அந்தப் புள்ளியில் நிற்கும்படி காலை மாற்றி மாற்றி வைத்துச் சரிவின் குறுக்கே நடந்தால், நீங்கள் முளை அடித்துப் போகும் வழியே சமவுயரக் கோடு.

அந்தக் கோட்டில்தான் பாத்தியின் ஓரம் வர வேண்டும், கான் வெட்ட வேண்டும், வேலிச்செடி நட வேண்டும். மேலிருந்து கீழாகப் பாத்தி போடுவது வேலைக்குச் சுலபம். ஒரே சித்திரை மழையில் மேல்மண் கீழ்வீட்டு வாசலுக்குப் போய்விடும். கோப்பிக் காலத்திலும் தேயிலைக் காலத்திலும் ஊவாச் சரிவுகள் இழந்த மண் கொஞ்சமல்ல. அதனால்தான் 1951ஆம் ஆண்டிலேயே 25ஆம் இலக்க மண் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சட்டத்தை அமுலாக்கும் வேலை அதிகாரிகளுடையது. மூன்று கம்பைக் கட்டும் வேலையை அரை மணி நேரத்தில் நாமே முடிக்கலாம்.

● தேயிலை, இறப்பர், தென்னைக்கு அடுத்த நான்காவது பெருந்தோட்டப் பயிராக இலங்கை 2005இல் அறிவித்தது கிளிரிசீடியாவை! நம் வேலியில் சும்மா நிற்கும் அதே மரம்தான். காற்றிலுள்ள நைதரசனை வேர் முடிச்சுகளில் பிடித்து வைக்கிறது, விறகாகிறது, ஆட்டுக்குத் தழையாகிறது. கைப்பருமன் தடியை வெட்டி மழை ஈரத்தில் ஊன்றினால் துளிர்க்கும். சமவுயரக் கோட்டில் நெருக்கமாக நட்டு, இடுப்பளவில் வெட்டி வெட்டி இலையைப் பாத்திக்குப் போடுங்கள்.

● தெருவோரம் மஞ்சள் மஞ்சளாகப் பூத்து நிற்கும் காட்டுச் சூரியகாந்தியைக் களை என்று வெட்டி எறிகிறோம். மெக்சிக்கோவிலிருந்து வந்த அந்தச் செடியின் இலையில் நைதரசனும் பொஸ்பரசும் பொட்டாசியமும் நிறைய உண்டு. பூக்குமுன் வெட்டினால் விரைவாக மக்கும். சாணி ஒரு படை, அந்த இலை ஒரு படை, காய்ந்த புல் ஒரு படை என்று அடுக்குங்கள். 2021இல் இரசாயன உரத்துக்கு ஒரே நாளில் தடை வந்து, நவம்பரில் விலக்கப்படும் வரை மலையகத்து மரக்கறிச் செய்கை பட்ட பாட்டை மறக்க முடியாது. சேதனப் பசளை நல்லது. அதை ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்லத்தான் மண்ணில் ஏற்ற முடியும். கட்டளை போட்டு ஒரு போகத்தில் ஏற்ற முடியாது.

● இலங்கையில் மழைநீர்த் தாங்கி வீடுவீடாகப் பரவத் தொடங்கிய இடங்களில் பதுளையும் ஒன்று. உலக வங்கி நிதியில் நடந்த சமூக நீர் வழங்கல், சுகாதாரத் திட்டம் 1995இல் பதுளை, மாத்தறை மாவட்டங்களில் இதைத் தொடங்கியது. 5,000 லீற்றர் கொள்ளும் இரண்டு வகைத் தாங்கிகள் அப்போது அறிமுகமாயின. ஒன்று நிலத்துக்கடியில் செங்கல்லால் கட்டி மேலே குவிமாடம் வைப்பது. மற்றது நிலத்துக்கு மேலே கம்பி வலையில் சீமெந்துக் கலவை பூசி எழுப்பும் பூசணி வடிவத் தாங்கி. உருண்ட வடிவத்துக்குக் காரணம் இருக்கிறது. மூலை இருந்தால் நீரின் அழுத்தம் அங்கே கூடி வெடிப்பு விழும். உருண்டையில் அழுத்தம் சமமாகப் பரவுவதால் மெல்லிய சுவரே தாங்கும், சீமெந்தும் மிச்சம்.

எவ்வளவு தண்ணீர் கிடைக்கும்? ஒரு சதுர மீற்றர் கூரையில் ஒரு மில்லிமீற்றர் மழை விழுந்தால் ஒரு லீற்றர். 550 சதுர அடி வீட்டின் கூரை ஏறத்தாழ 51 சதுர மீற்றர். 100 மி.மீ. மழைக்கு 5,000 லீற்றருக்குச் சற்று மேல். சிந்துவது, ஆவியாவது எல்லாம் கழித்தாலும் நல்ல சித்திரை மழை ஒரு தாங்கியை நிரப்பிவிடும். லயத்துக் காம்பராவின் பத்துக்குப் பன்னிரண்டு அடித் தகரம்கூட 10 மி.மீ. மழையில் நூறு லீற்றர் தரும்.

கட்டுகிறவர்கள் அவசரப்படும் இடம் ஒன்றுதான். பூசி முடித்ததும் ஈரச்சாக்கு போர்த்திக் குறைந்தது ஒரு வாரம் நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். காய்ந்த சீமெந்து வெடிக்கும். வெடித்த தாங்கியைத் திட்டத்தின் குறை என்று சொல்லித் திரிவது நியாயமல்ல. ஒவ்வொரு மழையிலும் முதலில் வரும் அழுக்குத் தண்ணீரை வெளியே விட்டுவிட்டுப் பிறகு குழாயைத் தாங்கிக்குத் திருப்புங்கள். வாயை நுண்வலையால் மூடுங்கள். டெங்கு நுளம்புக்கு மூடாத தாங்கி ஒரு தொட்டில்.

● "எங்களுக்குக் கிணறு இருக்கிறது, தாங்கி எதற்கு?" என்று கேட்பவர்களுக்கு: உமா ஓயாத் திட்டத்தின் சுரங்கம் எல்லவுக்கு அருகே கரந்தகொல்லையில் உள்ள நிலத்தடி மின் நிலையத்துக்கு நீரைக் கொண்டுசெல்கிறது. 2014 டிசம்பரில் அதைத் தோண்டும்போது நிலத்தடி நீர் பெருமளவில் சுரங்கத்துக்குள் பாய்ந்தது. பண்டாரவளைப் பக்கத்துக் கிணறுகளும் ஊற்றுகளும் வற்றின. வீடுகளில் வெடிப்பு விழுந்தது. 120 மெகாவாற் மின் நிலையம் 2024 ஏப்ரலில் திறக்கப்பட்டது. வற்றிய கிணற்றை வைத்துக்கொண்டு தோட்டம் போட்ட குடும்பங்களின் இழப்பு எந்த மெகாவாற்றிலும் சேரவில்லை. பீலித் தண்ணீரை நம்பியவர்களும் அந்த ஆண்டுகளில் பட்டது இதேதான். கூரைத் தண்ணீருக்கு மட்டும் நிலத்தடியில் யார் என்ன தோண்டினாலும் கவலையில்லை.

● ஒரு பிளாஸ்டிக் போத்தலில் மழைமானி செய்யலாம். நேர்ச்சுவர் உள்ள போத்தலைக் கழுத்துக்குக் கீழே வெட்டி, வெட்டிய மேல்பகுதியைத் தலைகீழாக உள்ளே செருகுங்கள், புனல் தயார். அடிப்பக்கம் மேடுபள்ளமாக இருப்பதால் சின்னக் கற்களைப் போட்டு, அவை மூழ்கி நேர்ச்சுவர் தொடங்கும் இடம் வரை தண்ணீர் ஊற்றுங்கள். அந்த நீர்மட்டமே பூச்சியம். அதிலிருந்து மேலே அடிமட்டத்தால் மில்லிமீற்றர் கோடு போடுங்கள். மரநிழலோ கூரைத்தாவாரமோ படாத வெளியில் வையுங்கள்.

தாங்கி எப்போது நிரம்பும் என்று சொல்வதோடு இதன் வேலை முடிவதில்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கை மழை அளவைப் பார்த்துத்தான் வருகிறது. 24 மணி நேரத்தில் 75 மி.மீ. தாண்டினால் விழிப்பாக இருக்க வேண்டும். 100 தாண்டினால் எச்சரிக்கை. 150 தாண்டினாலோ, ஒரே மணி நேரத்தில் 75 தாண்டினாலோ அபாயச் சரிவில் இருப்பவர்கள் வெளியேற வேண்டும். 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்த மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியது இதே பதுளை மாவட்டத்தில்தான். அந்தச் சரிவு ஆபத்தானது என்று முன்பே சொல்லப்பட்டிருந்தது. மக்களைக் குடியமர்த்த வேறு இடம் கிடைக்கவில்லை. எச்சரிக்கை வரும் வரை காத்திருக்காமல் ஒவ்வொரு லயத்திலும் ஒரு பிள்ளையிடம் இந்தப் போத்தலை ஒப்படையுங்கள். வீட்டுக்குப் பின்சரிவை வெட்டிப் பாத்தி அகட்டுவதை மட்டும் எக்காரணம் கொண்டும் செய்யாதீர்கள். மரம் சாய்ந்தாலோ, நிலத்தில் புதிதாக வெடிப்பு ஓடினாலோ, ஊற்றுத் தண்ணீர் திடீரெனக் கலங்கினாலோ தோட்டத்தை விட்டுவிட்டு ஆட்களோடு கிளம்புங்கள்.

● சௌசௌவுக்கு விதை எடுத்து நட முடியாது. காய்க்குள் இருப்பது ஒரே விதை. அது காய்க்குள்ளேயே முளைத்துவிடும். ஆகவே முளைவிட்ட முழுக்காயையும் பாதி மண்ணுக்கு வெளியே தெரியச் சாய்த்து நட வேண்டும். முளை வந்த காயை வீணாகிவிட்டதென்று மாட்டுக்குப் போடுகிறவர்கள் ஒரு பந்தலையே மாட்டுக்குப் போடுகிறார்கள். மெக்சிக்கோப் பக்கத்தில் பிறந்த இந்தக் கொடியின் தளிரும் கறிக்கு ஆகும். நிலத்துக்கடியில் இறங்கும் கிழங்கும் ஆகும். கச்சான் காற்றுக்குப் பந்தல் தாழ்வாக இருப்பது நல்லது.

● சௌசௌ, பூசணி, பாகல் எல்லாவற்றிலும் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. தேனீ வராவிட்டால் பிஞ்சு மஞ்சளாகி உதிரும். விவசாயத் திணைக்களத்தின் தேனீ வளர்ப்புப் பிரிவு இருப்பது பண்டாரவளை பிந்துனுவெவவில். நமது நாட்டுத் தேனீ பெட்டியிலும் வளரும், கவிழ்த்த மண்பானையிலும் வளரும். மருந்து தெளிக்க வேண்டி வந்தால் தேனீ கூட்டுக்குத் திரும்பிய மாலையில் தெளியுங்கள்.

● மருந்து என்றதும் நினைவுக்கு வருகிறது. உருளைக்கிழங்குக்கும் தக்காளிக்கும் சித்திரை மூடுபனியில் வரும் வெளிறல் நோய்க்கு வீட்டிலேயே கலக்கக்கூடிய பழைய மருந்து பொர்தோக் கலவை. பிரான்சில் திராட்சைக்காக மில்லார்தே 1885இல் வெளியிட்டது. மயில் துத்தம் 100 கிராமை 5 லீற்றர் தண்ணீரிலும், சுட்ட சுண்ணாம்பு 100 கிராமை இன்னொரு 5 லீற்றரிலும் தனித்தனியே கரையுங்கள். துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் மெதுவாக ஊற்றிக் கலக்குங்கள். பிளாஸ்டிக் வாளிதான் வேண்டும். இரும்பு வாளியைத் துத்தம் அரித்துவிடும். கலவையில் துலக்கிய இரும்பு ஆணி ஒன்றை முக்கிப் பாருங்கள். ஆணியில் செம்பு நிறம் ஏறினால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். அன்றே தெளித்து முடியுங்கள். கையுறையும் மூக்குமறைப்பும் கட்டாயம்; இயற்கைக்கு நெருக்கமானது என்பதால் தீங்கற்றது என்று எண்ண வேண்டாம். 1946இல் கொப்புள நோய் இலங்கைத் தேயிலைக்குள் நுழைந்தபோதும் தோட்டங்களைக் காப்பாற்றியவை செம்பு மருந்துகள்தான்.

● வேலியோரம் நாலு கோப்பிச் செடி நிற்கிறதா? உலகத்தின் கோப்பி வரலாற்றையே திருப்பிய துரு நோய் இலங்கையில் 1869இல் முதலில் கண்ணில் பட்டது நம் மடுல்சீமையில். இருபது ஆண்டுக்குள் இலங்கையின் கோப்பி அடங்கிப்போனது. 1880 முதல் 1882 வரை இங்கே ஆராய்ந்த மார்ஷல் வார்டு, மலை மலையாக ஒரே பயிரை இடைவெளி இல்லாமல் நட்டது நோய்க்கு வழி திறந்தது என்று கண்டார். காற்றில் பறக்கும் வித்துக்குக் குறுக்கே நிற்க வேறு மரமே இருக்கவில்லை. கோப்பியைப் பலாவோடும் மிளகோடும் கலந்து நடுகிற ஊவாக் கிராமத்து வீட்டுத் தோட்டம், பல ஆயிரம் ஏக்கர் துரைமார் தோட்டத்தைவிட விவேகமானது.

● 2025 மார்ச் 15 காலை 8 மணிக்கு நாடு முழுவதும் ஐந்து நிமிடம் தோட்டம் துரவுகளில் நின்று, பயிரை நாசமாக்கும் உயிரினங்களை எண்ணினார்கள்: குரங்கு, மந்தி, மயில், மர அணில். தோட்டம் போட்டவர்களுக்கு அந்த எண்ணிக்கை புதிதாக எதையும் சொல்லியிருக்காது. ஓர ஓரமாக இஞ்சி, மஞ்சள், கொச்சிக்காய் நடுங்கள். குரங்கு விரும்புகிற சோளமும் வாழையும் வீட்டை ஒட்டி இருக்கட்டும்.

● 2022 ஜூனில் எரிபொருளும் உணவும் தட்டுப்பட்ட நாட்களில், வீட்டுத் தோட்டம் செய்வதற்கென்று அரச ஊழியர்களுக்கு மூன்று மாதத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை கொடுக்க அமைச்சரவை முடிவெடுத்தது. நாள் சம்பளத்துக்குக் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு அந்த வெள்ளிக்கிழமை இல்லை. வேலை முடிந்து வந்து, பொழுது சாய்வதற்குள் லயத்து வாசலில் அவள் போட்ட பாத்திதான் பல வீடுகளுக்கு அந்த ஆண்டு கறி கொடுத்தது.

● மலையகத் தனிவீட்டுத் திட்டங்களில் பேசப்படும் ஏழு பேர்ச் என்பது எவ்வளவு? ஒரு பேர்ச் 272.25 சதுர அடி. ஏழு பேர்ச் 1,905 சதுர அடிக்குச் சற்று மேல். 550 சதுர அடி வீடு போக 1,350 அடி மிஞ்சும். நடைபாதை, மலசலகூடம், துணி காயும் இடம் கழித்தால் ஆயிரம் அடி. நான்கடி அகலப் பாத்தியும் ஒன்றரை அடி நடைவழியுமாகப் போட்டால் ஒரு குடும்பத்தின் கீரையும் போஞ்சியும் அதில் அடங்கும். நிலம் போதாத இடத்தில் உரச்சாக்கை முழங்கால் அளவுக்குச் சுருட்டி, மண்ணும் பசளையும் நிரப்பி, பச்சை முளை விட்ட உருளைக்கிழங்கு இரண்டை வையுங்கள்; செடி உயர உயரச் சாக்கை விரித்து மண் அணையுங்கள்.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் போக மனமில்லை. போஞ்சி இரண்டு மாதத்தில் காய்க்கும். ஒட்டுக்கட்டிய பட்டர் புரூட்டுக்கு மூன்று நான்கு ஆண்டு வேண்டும். கொட்டையில் முளைத்த பலாவுக்கு இன்னும் அதிகம். காணி உறுதி கையில் இல்லாதவர் எதை நடுவார்? நாளை எழுப்பிவிடக்கூடிய இடத்தில் யாரும் பலா நடுவதில்லை. லயத்து வாசல்களில் கீரை நிறைந்தும் பழமரம் குறைந்தும் இருப்பதைப் பார்த்து "இவர்களுக்கு மரம் வளர்க்கத் தெரியாது" என்று சொன்னவர்கள் இருக்கிறார்கள். இந்த மலை முழுவதும் தேயிலை நட்டது இவர்களின் பாட்டன் பூட்டன். தெரியாமல் இல்லை, நிலம் தம் பெயரில் இல்லை. வீட்டோடு உறுதியும் கிடைத்த குடும்பங்கள் முதல் சித்திரையிலேயே மூலையில் ஒரு மரத்தையாவது ஊன்றிவிடுங்கள்.

● தேயிலையைப் பிடுங்கி மறுநடுகை செய்யுமுன், களைத்த மண்ணைத் தேற்றத் தோட்டங்களில் ஒன்றரை இரண்டு ஆண்டு வளர்க்கப்படுவது குவாத்தமாலாப் புல்லும் மானாப் புல்லும். அதே புல்லை வெட்டிக் காயவைத்து மே மாதம் முடிவதற்குள் பாத்தியில் நான்கு விரல் கனத்துக்குப் பரப்பினால், கச்சான் காலத்தில் ஈரம் தங்கும். நீர் ஊற்றும் வேலையும் குறையும். தண்டை ஒட்டிப் போடாமல் ஒரு சாண் தள்ளிப் போடுங்கள், அழுகாது. ஆடி, ஆவணியில் எல்லவைச் சுற்றிய பத்தனைப் புல்வெளிகளில் தீ பரவுவது வழக்கம். காய்ந்த மூடாக்கும் புல்தான். ஆகையால் புல்வெளிப் பக்கத்து ஓரத்தில் ஆறடி அகலத்துக்கு மண் தெரியச் செதுக்கி விட்டு, அந்த ஓரத்திலேயே தாங்கியின் குழாயையும் வையுங்கள்.